கடைசியாக அடித்த வரி

அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் மொத்தம் மூன்றே பேர். டாக்டரம்மா, வரவேற்பு மேசையில் அக்கா, பரிசோதனை அறையில் அவள். சத்தமில்லாமல் நடக்கிறாள் என்று அக்கா அவளுக்குப் பூனை என்று பேர் வைத்தாள். அதுவே நிலைத்தும் விட்டது. போன வாரம் வரை நாலாவதாகக் கம்ப்யூட்டர்காரர் ஒருவர் இருந்தார். வேறு வேலைக்குப் போகும்போது, படித்த பெண் ஆயிற்றே என்று தன் பொறுப்பைப் பூனையின் தலையில் கட்டிவிட்டுப் போனார்.

மூன்று மத்தியானம் பாடம் நடந்தது. மாடிப்படிக்குக் கீழே இருந்த கம்ப்யூட்டரில் ஒரு கறுப்புச் சன்னல். 'மூடாதே' என்று அதன்மேல் ஒரு சீட்டு. அங்கே மவுஸ் உதவாது. கட்டளைகளை எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டும். ls அடித்தால் கோப்புகளின் பட்டியல் வரும். cp நகல் எடுக்கும். rm அடித்தால் போனது போனதுதான், குப்பைத்தொட்டியில்கூடக் கிடைக்காது. ரிப்போர்ட் அச்சாக 'சேவை' என்று ஒரு ப்ரோகிராம் பின்னால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ராத்திரியில் அது படுத்துவிடும். எழுப்புவதற்கு ஒரு கட்டளை. எல்லாவற்றையும் பூனை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அவளுடைய சாயங்கால வேலை இரண்டே வரி. இருப்பதிலேயே பழைய இருபது ரிப்போர்ட்டைத் தனி டிஸ்க்கில் நகலெடுக்க ஒன்று, இடம் காலியாக அந்த இருபதையும் கம்ப்யூட்டரிலிருந்து அழிக்க இன்னொன்று. இரண்டாவது வரி நீளம். நோட்டைப் பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டு அடிப்பாள். பிறகு திரையை மட்டும் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போவாள்.

பூனை பொறுப்பேற்ற நாலாம் நாள் ஒருவர் வந்து கேட்ட பழைய ரிப்போர்ட் கம்ப்யூட்டரிலும் இல்லை, டிஸ்க்கிலும் இல்லை. மறுநாள் இன்னும் மூன்று பேர். பதிவேட்டில் கையால் எழுதிய அளவுகள் இருந்ததால் திரும்ப அடித்துக் கொடுத்துச் சமாளித்தார்கள். தப்பான முடிவை மறைக்க யாரோ அழிக்கிறார்கள் என்று டாக்டரம்மா முடிவு கட்டிவிட்டார். சனிக்கிழமைக்குள் யார் என்று தெரிய வேண்டும், செய்தவர் அன்றோடு வீட்டுக்குப் போகலாம் என்றார். சொல்லும்போது அவர் பார்வை பூனைமேல் ஒரு நொடி அதிகமாக நின்றது. அழிக்கும் கட்டளை தெரிந்தவள் அவள் ஒருத்திதானே. அவளுடைய ஆறு மாதச் சோதனைக் காலம் முடிவதும் அதே சனிக்கிழமைதான்.

அப்போதுதான் பூனை அக்காவைக் கவனிக்க ஆரம்பித்தாள். அக்காவின் அண்ணன் பெண்ணும் இதே படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். அதை அக்கா இரண்டு தடவை சொல்லியாயிற்று. பூனை பக்கத்தில் வந்தால் போனில் குரலைத் தாழ்த்துகிறாள். "சாயங்காலம் தனியா உக்காந்து அப்படி என்னதான் எழுதறே?" என்று கேட்டவளும் அவள்தான். தினமும் ஒன்பது மணிக்குப் பூனை வரும்போது அச்சுச் சேவை படுத்தே கிடக்கிறது. வேண்டுமென்றே யாரோ நிறுத்தி வைத்த மாதிரி.

வியாழக்கிழமை மத்தியானம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்த history கட்டளையை முதல்முறையாக அடித்துப் பார்த்தாள். அதுவரை அடித்த வரிகள் நேரத்தோடு வரிசையாக விழுந்தன. சாயங்காலம் ஐந்து ஐம்பதுக்கு அவளுடைய அழிக்கும் வரி. மறுநாள் காலை ஏழு ஐந்துக்கு, ஓர் எழுத்து பிசகாமல் அதே வரி. ஆறு நாள் காலையும் அப்படியே. ஏழு மணிக்குக் கதவைத் திறக்கும் சாவி அக்காவிடம் மட்டும்தான் இருக்கிறது.

பூனை அதை அச்செடுத்து, ஏழு ஐந்துகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, டாக்டரம்மாவிடம் கொடுத்தாள். அவர் இரண்டு முறை படித்தார். நாளைக்குப் பத்து மணிக்குக் கூப்பிட்டுக் கேட்பதாகச் சொன்னார்.

கண்ணாலேயே பார்த்துவிட வேண்டும் என்று பூனை வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கே வந்து எதிர்ச்சாரியில் நின்றாள். அக்கா கதவைத் திறந்து உள்ளே போனதும் பின்னாலேயே போனாள். அக்கா தோள் பையைக்கூட இறக்கவில்லை. இருட்டிலேயே படிக்குக் கீழே குனிந்தாள். திரையைப் போடவில்லை. ஒரு விரலால் ஒரு பொத்தான், அப்புறம் இன்னொன்று. சுவிட்சைத் தட்டுகிற மாதிரி தட்டிவிட்டு விளக்கைப் போடத் திரும்பினாள்.

இரண்டே தட்டு. அழிக்கும் வரியில் நாற்பது எழுத்துக்கு மேல் இருக்கிறது.

"அக்கா, என்ன அழுத்தினீங்க?"

அக்கா நெஞ்சில் கை வைத்தாள். "உனக்குப் பூனைன்னு பேர் வச்சது தப்பே இல்ல. எப்ப வந்தே?"

"என்னக்கா அழுத்தினீங்க?"

"அச்சை எழுப்பறதுதான். மேல் அம்பு, அப்புறம் எண்டர். கம்ப்யூட்டர்காரர் சொல்லிக் கொடுத்தது, மூணு வருஷமா செய்யறேன். அவர் போனதுல இருந்துதான் சனியன் எழுந்திருக்கவே மாட்டேங்குது."

மேல் அம்புக்குறி, கடைசியாக அடித்த வரியைத் திரும்பக் கொண்டுவரும். கம்ப்யூட்டர்காரர் தினமும் எழுப்பும் வரியைக் கடைசியாக அடித்துவிட்டுப் போயிருக்கிறார், காலையில் அக்காவுக்கு இரண்டு தட்டோடு வேலை முடிய வேண்டும் என்று. அதை அவர் பூனையிடம் சொல்லவே இல்லை. பூனை வந்தபின் கடைசி வரி, அழிக்கும் வரி; காலையில் ஓடினால், நகலெடுக்காத அடுத்த இருபதை அது அழிக்கும். இன்றைக்கும் இருபது போயிருக்கும்.

ஆனாலும் மனம் முழுதாக ஆறவில்லை. நடிக்கிறாளோ? பூனை திரையைப் போட்டு, தேதி காட்டும் கட்டளையை அடித்து, மறுபடி அணைத்தாள். இன்னொரு தடவை எழுப்பச் சொன்னாள். அக்கா போகிற போக்கில் இரண்டையும் தட்டிவிட்டு, இப்போதாவது வருகிறதா பார் என்று சொல்லிக்கொண்டே சன்னலைத் திறக்கப் போனாள். பூனை திரையைப் போட்டாள். ஒன்றன்கீழ் ஒன்றாக இன்றைய தேதி, இரண்டு முறை.

பத்து மணி வரை வாயைத் திறக்காமல் இருக்கலாம். இருந்தால் அக்கா போய்விடுவாள். திறந்தால் அந்த வரி யாருடையது என்ற கேள்வி வரும். ஒன்பதரைக்குப் பூனை டாக்டரம்மாவின் அறைக்குள் போய், அது தன்னுடைய வரி, அக்கா தெரியாமல் தட்டியது என்று சொன்னாள்.

"நேத்து அவங்கன்னு சொன்னே, இன்னைக்கு நான்னு சொல்றே. ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டீங்களா?"

"வந்து பாருங்க மேடம்" என்று பூனை அவரைப் படிக்குக் கீழே கூட்டிப் போனாள். டாக்டரம்மா குனிந்து தானே இரண்டு பொத்தானையும் தட்டினார். மூன்றாவது தேதி விழுந்தது. பிறகு அக்காவையும் கூப்பிட்டு, காணாமல் போன நூற்று நாற்பதையும் இருவரும் உட்கார்ந்து பதிவேட்டிலிருந்து திரும்ப அடிக்க வேண்டும் என்றார். பூனைக்குச் சோதனைக் காலம் இன்னும் மூன்று மாதம் நீண்டது. போகும்போது கையிலிருந்த அச்செடுத்த காகிதத்தைக் கம்ப்யூட்டர் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

அக்கா அதை எடுத்துப் பார்த்தாள்.

"வட்டம் போட்டது நீதானா?"

"ஆமாக்கா."

அக்கா காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். அதன்பின் சாயங்காலம் வரை பதிவேட்டிலிருந்து அளவுகளை மட்டும் வாசித்தாள்.

ஐந்து ஐம்பதுக்குப் பூனை நகலெடுத்தாள், அழித்தாள், கடைசியாக எழுப்பும் வரியை அடித்தாள். திரையை அணைக்கப் போனபோது அக்கா பின்னால் நின்றுகொண்டிருந்தாள். வந்த சத்தமே கேட்கவில்லை.

"அணைக்காதே" என்று அக்கா நாலாக மடித்த அந்தக் காகிதத்தை நீட்டினாள். "அது என்ன வரின்னு இந்தத் தாள்ல எழுதிக் கொடு. காலையில ஒத்துப் பார்த்துட்டுத்தான் தட்டுவேன்."