தேயிலைச் சக்கையால் ஒரு கை

நிஷாந்தி அக்காவின் வலது கையில் பெருவிரல் மட்டும்தான் மிச்சம். மற்ற விரல்களைத் தொழிற்சாலையில் கொழுந்து உருட்டும் மெசின் எடுத்துக்கொண்டது. அதன் பிறகு அவளுக்குக் கூட்டுகிற வேலைதான் கொடுத்தார்கள். ஆனியில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்கு ஆள் தேவை என்று சொன்னபோது அக்கா முதல் ஆளாக மனுப் போட்டாள். மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் தங்கள் குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது. குழந்தை என்றால் அவளுக்கு உயிர். ஆனால் எங்கள் லயத்து வீடுகளில் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்டார்கள்: ஒற்றைக் கையால் எப்படிப் பிள்ளை பார்ப்பாய்? வெள்ளிக்கிழமை நேர்முகத்தில் நலன்புரி அதிகாரியும் இதைத்தான் கேட்பார் என்று அக்காவுக்குத் தெரியும்.

கஜேந்திரன் அண்ணன் பேராதனைக் கம்பஸ் லீவில் வந்திருந்தான். பௌதிகவியல் படிக்கிறான். அதில் அவன் பிடித்துக்கொண்ட பகுதி, முழுக்கத் திண்மமும் இல்லாத, முழுக்கத் திரவமும் இல்லாத பொருட்களைப் பற்றியது. பற்பசை, சவர்க்கார நுரை, சேறு, ஜெலி, மணல்.

"களியும் கூழும் படிக்கவா பேராதனைக்குப் போன?" என்றாள் அக்கா. "இங்கயே கிண்டிக் காட்டியிருப்பேனே."

"சிரிக்காதக்கா. இனிமே வர்ற மெசினுக்கு இரும்புக் கை இருக்காது. மெத்துன்னு இருக்கும். தக்காளிய நசுக்காமப் புடிக்கும்."

"அது வர்றப்ப வரட்டும். எனக்கு வெள்ளிக்கிழமைக்கு வேணும்."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அண்ணன் சிரிக்காமல் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கடையில் விற்கிற, காற்றெடுத்து ஒட்டிய கோப்பித்தூள் பக்கெட் கல் மாதிரி இருக்கும். மூலையைக் கத்தரித்தால் பொலபொலவென்று ஆகிவிடும். தூள் அதேதான், காற்றுதான் வித்தியாசம் என்று அண்ணன் சொன்னான். தடித்த பலூன் ஒன்றுக்குள் எங்கள் குசினி டின்னில் இருந்த தேயிலைத் தூளை நிரப்பினான். பிளாஸ்டிக் போத்தலின் கழுத்தை வெட்டி அதில் பலூனைக் கட்டினான். உள்ளே ஒரு குழாய், குழாயின் மறுமுனையில் ஊசியில்லாத பெரிய சிரிஞ்சு. எல்லாவற்றையும் அக்காவின் முன்கையில் கட்டுவதற்கு நான் அப்பாவின் பழைய பெல்டை வெட்டித் தைத்தேன்.

அக்கா அந்தப் பலூனை ஓர் உருளைக்கிழங்கின் மேல் அழுத்தினாள். பலூன் கிழங்கைச் சுற்றிக் குழைந்தது. இடது கையால் சிரிஞ்சை இழுத்துப் பூட்டியதும் பலூன் இறுகியது. கையைத் தூக்கினாள். கிழங்கும் கூடவே வந்தது.

மறுநாள் காலையில் மழை. தேயிலைத் தூள் ஈரக் காற்றைக் குடித்துக் கட்டியாகிவிட்டது. கிழங்கு நழுவி விழுந்தது. அண்ணன் தூளை எடுத்துச் சட்டியில் வறுத்தான். மத்தியானம் சரியாக இருந்தது, பின்னேரம் மறுபடி கட்டி. திரும்ப வறுத்தான். திரும்பவும் கட்டி.

"இந்த ஈரத்துக்கு இது சரிவராதுக்கா," என்றான்.

அக்கா பெல்டைக் கழற்றி மூலையில் வைத்தாள். "விடு தம்பி. இருக்கிற கையோட போறேன்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மழை விடவே இல்லை. அண்ணனுக்கு மனசு கேட்காமல் அக்காவை எழுப்பி இன்னொரு தரம் கட்டச் சொன்னான். கிழங்கு நின்றது. வாசலில் சாரல் அடிக்க நின்றபடி தக்காளியைப் பிடித்தாள், தண்ணீர் நிரம்பிய கிளாசைப் பிடித்தாள். எதுவும் விழவில்லை. அண்ணன் சந்தேகப்பட்டுப் பலூனை அவிழ்த்தான். உள்ளே இருந்தது கறுப்புத் தூள் அல்ல, வெளிறிய வேறு ஏதோ.

"இத யாரு மாத்துனது?"

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. "குடிக்கிற தேயிலைய யாராச்சும் பலூன்ல கட்டி வைப்பாங்களா? தோட்டத்துல மாசத்துக்குக் குடுக்கிறதே அம்புட்டுதான். செல்லசாமி மாமா வந்தா எதுல சாயத் தேத்தண்ணி ஊத்துறது? அதான் தூள எடுத்து டின்னுல போட்டுட்டு, ரோசாச் செடிக்குப் போட அடுப்பு மேல காய வச்சிருந்த, சாயம் வடிச்ச சக்கைய ரொப்பிட்டேன்."

"அப்ப இன்னைக்கு நாங்க குடிச்சது?"

"பலூன்ல இருந்ததுதான். நல்லாத்தான இருந்துச்சு."

"அதான் ரப்பர் நாத்தம்," என்றாள் அக்கா.

அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டான். சக்கையை விரலில் தேய்த்துப் பார்த்தான். "ஒட்டுறதெல்லாம் சாயத்தோட போயிருச்சு. கட்டியாக இதுல ஒன்னுமில்ல. அம்மா, உங்களுக்கு ஒரு பட்டம் குடுக்கணும்."

"பட்டம் இருக்கட்டும். அந்தப் பலூன அடுப்புகிட்ட வைக்காத."

வெள்ளிக்கிழமை நானும் அக்காவோடு போனேன். நலன்புரி அதிகாரி குணபூசணி மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர். பிள்ளைக் காம்பராவிலேயே மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், ஓய்வு பெறப்போகிற வீரம்மா ஆயா மத்தியானச் சாப்பாட்டுக்கு முட்டை அவித்து வைத்திருந்தார்.

"உம்மட கையைப் பாக்க எனக்கும் கவலைதான் பிள்ளை," என்றார் மிஸ். "ஆனா தாய்மார் நம்பி விட்டிட்டுப் போற குழந்தையள். என்னெண்டு சமாளிப்பீர்?" பிறகு பெல்டைப் பார்த்தார். "இதென்ன பலூன்?"

அக்கா சொன்னாள். மிஸ் தன் சுட்டுவிரலை நீட்டினார். "ஒருக்கா என்ர விரலைப் பிடியும் பாப்பம்."

பலூன் விரலைச் சுற்றிக் குழைந்து இறுகியது. மிஸ் இழுத்துப் பார்த்தார், வரவில்லை. "நோகேல்லை," என்றார் தனக்குத் தானே. அக்கா சிரிஞ்சைத் தளர்த்தியதும் விரலைத் தடவிக்கொண்டே முட்டைச் சட்டியைக் காட்டினார். "இதில ஒண்டை உரியும்."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அக்கா முட்டையைப் பலூனில் அழுத்தி இறுக்கினாள். மேசை ஓரத்தில் மெதுவாகத் தட்டினாள். இடது கை ஓட்டை உரித்தது. பாதி உரிந்ததும் தளர்த்தித் திருப்பிப் பிடித்தாள். ஒரு கீறல் இல்லாமல் வெள்ளை முட்டை பலூனில் உட்கார்ந்திருந்தது. பாயில் இருந்த லோஜினிக் குட்டி எழுந்து வந்து வாயைத் திறந்தாள். அக்கா முட்டையைப் பிட்டு ஊட்டினாள். அதைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். யாரும் கேட்காமலேயே அக்கா சட்டியில் இருந்த எல்லா முட்டைகளையும் உரித்தாள்.

"எனக்கு உரிக்க ஒன்னுகூட மிச்சம் வைக்கலியே," என்றார் வீரம்மா ஆயா. "இனி நான் நிம்மதியா வீட்டுக்குப் போறேன்."

குணபூசணி மிஸ் பேனையை மூடினார். "திங்கக்கிழமை காலமை வாரும். அந்தப் பலூனையும் கொண்டு வாரும்."

அண்ணன் பாதையில் குடையோடு நின்றான். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அவன் கேட்கவே இல்லை. குடையை எங்களிடம் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே பேசத் தொடங்கினான். கம்பஸில் மோட்டார் வைத்துச் செய்யலாமாம். காற்றை ஏற்றினால் மடங்குகிற ரப்பர் விரல் இருக்கிறதாம். தொட்டதைத் தானே உணர்கிற ஜெலிகூட வருமாம். இன்னும் சில வருடத்தில் கொழுந்து கிள்ளுகிற விரலையே செய்துவிடலாமாம்.

"கொழுந்து கிள்ள நான் போகப்போறதில்ல," என்றாள் அக்கா. "காம்பராவுல பொட்டப் புள்ளைங்க தலையெல்லாம் பரட்டையாக் கெடக்கு. எனக்குச் சட பின்னுற விரல் வேணும்."

"அது கஷ்டம்க்கா. மயிரு மெலிசு. அதுக்கு..."

அக்கா நின்றாள். பலூனைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, மழையில் தன் வலது கையை அவன் முன்னால் நீட்டினாள்.

"அளவெடுத்துக்க," என்றாள்.