இடது பக்கத்து சீட்

லீவர் எங்கே, அந்த இழவெடுத்த லீவர் எங்கே... ஜெரோம் சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான், முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் இடித்தன, இரவல் வண்டி, வண்டிக்காரன் மூர்த்தி குள்ளன், சீட்டை டாஷ்போர்டோடு ஒட்டி வைத்திருக்கிறான், மணி எட்டே முக்கால், ஒன்பதரைக்கு மனைவி ரூத்தை ஆபரேஷனுக்குக் கொண்டுபோய்விடுவார்கள், அதற்குள் செங்கல்பட்டு போயாக வேண்டும். "இங்க இன்னா மாமா கிளாஸா எடுக்கற? வண்டிய எடு" என்று ரூத்தின் தம்பி ஜோயல் பக்கத்தில் ஏறிக் கதவை அறைந்தான், ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துப் போக வந்தவன். கடக்கென்று சீட் பின்னால் நகர்ந்தது. முதலில் சீட், அப்புறம் கண்ணாடி, அப்புறம் பெல்ட்... புதுப்பட்டினத்தில் பத்து வருடமாக டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர், எத்தனை பேருக்குச் சொன்ன பாடம், இடுப்பு சீட்டின் மூலையில் ஒட்ட வேண்டும், மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியைத் தொட வேண்டும், முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும்... மாஸ்டராம் மாஸ்டர்! த்தூ.

விபத்து நடந்து ஒன்பது நாள் கழித்து நேற்று சாயங்காலம் ரூத் கண் விழித்துப் பேசினாளாம். என்ன பேசினாள்? யாரிடம்? ஜோயலிடம் கேட்டுவிடலாம், ஒரே ஒரு கேள்வி... கியரை மாற்றினான். திருக்கழுக்குன்றம் வந்துவிட்டது, எதிரே ஒரு லாரி, கால் தானாக பிரேக்குக்குப் போகிறது... அன்றைக்கும் இப்படித்தான், படாளத்தில் சொந்தக்காரர் புது வீட்டுப் பிரதிஷ்டை, ஜெபம், பிரியாணி, மத்தியான வெயில், முன்னால் போன லாரி பட்டென்று நின்றது, இவன் மிதித்தான், இடித்தது. பம்பர் நசுங்கியதோடு சரி, இவனுக்கு ஒரு கீறல் இல்லை. அவள் பெல்ட் போட்டுத்தான் இருந்தாள், ஆனால் சீட் படுக்கை மாதிரி சாய்ந்து கிடந்தது, பெல்ட்டுக்கு அடியில் அப்படியே வழுக்கி, வயிறு நெரிந்து, முதுகெலும்பு... ஆபரேஷன் செய்தால் கால் அசையுமா டாக்டர்? பார்க்கலாம் என்றார். பார்க்கலாம்! மூன்றாம் நாள் கட்டிலோரம் மாமியார் செல்லம்மா அழுதபோது, "அவளாத்தான் சாச்சிக்கினா அத்தே, நான் வேணாம் வேணாம்னு கத்துனேன், எங்க கேட்டா?" என்று சொன்னானே, ரூத் மூடிய கண்ணோடு கிடந்தாளே... இப்போது வாய் திறந்துவிட்டாள். செல்லம்மா எந்த முகத்தோடு வாசலில் நிற்பாள்?

கர்ர்ரென்று ஒரு சத்தம். ஜோயல் சீட்டைப் பின்னால் சாய்த்துக்கொண்டிருந்தான். "நைட்டு பூரா தூக்கம் இல்ல மாமா, கொஞ்சம் கட்டைய சாய்க்கறேன்." ஜெரோம் வண்டியை ரோட்டோரம் ஒடித்து நிறுத்தினான். "நிமிர்த்துடா! நிமிர்த்துடா மொதல்ல!" தன் குரல் தனக்கே யாருடையதோ போலக் கேட்டது. ஜோயல் மிரண்டு எழுந்தான். "இன்னாத்துக்கு மாமா இப்டி கத்தற? சரி வுடு, உம் பயம் எனக்குப் புரியுது. அக்காவே அம்மாகிட்ட சொல்லிச்சி. 'நானாத்தான் சாச்சிக்கினேன், அவரு வேணாம் வேணாம்னு கத்துனாரு, நான் எங்க கேட்டேன்'னு. உன்ன யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாதாம். உள்ள போறதுக்கு முன்ன உன்னப் பாக்கணும்னு ஒக்காந்துகீது... படுத்துகீது."

தப்பித்தோம் என்று மூச்சு வர வேண்டும், வரவில்லை. வேணாம் வேணாம்னு... அதே வார்த்தைகள், ஒன்றுகூடப் பிசகாமல். காருக்குள் யாரும் அப்படிக் கத்தவே இல்லையே, அது கட்டிலோரம் இவன் கட்டிய கதைதானே... அப்படியானால் மூன்றாம் நாளே அவளுக்குக் காது கேட்டதா? கேட்டுக்கொண்டே கண்ணை மூடிக் கிடந்தாளா? மன்னிப்பா, இல்லை இனி ஆயுசுக்கும் இவனைப் பேசவிடாமல் போட்ட பூட்டா? "போலாமா மாமா, டைம் ஆவுது" என்கிறான் ஜோயல். ஜெரோமின் கை கியரில் இருக்கிறது, நகரவில்லை. அன்றைக்குப் படாளம் டீக்கடை வாசலில், "வேணாம்பா, நான் நேரா ஒக்காந்தே தூங்கறேன், நீதான ஸ்கூல்ல எல்லாருக்கும் சொல்ற?" என்று அவள் சிரிக்க, "மாஸ்டர் நான் ஓட்டறப்போ இன்னாடி பயம்?" என்று அவள் மடிக்குக் குறுக்கே நீண்டு, அந்தப் பக்கத்து லீவரை இழுத்தது இந்தக் கைதான்.