என்ஜின் ஆறட்டும்

வண்டிக்கு வண்டி மாற்றிக்கொள்வதாகத்தான் பேச்சு. இரண்டுமே ஜப்பானிலிருந்து நியூசிலாந்துக்கு இறக்குமதியான பழைய டீசல் கேம்பர் வேன்கள். ராவிரியின் வேனில் பானியா முதலில் பார்த்தது படுக்கையையோ அடுப்பையோ அல்ல. ஓட்டுநர் இருக்கையைத் தூக்கி, அதன் கீழிருந்த என்ஜினைத் தொட்டாள். சுட்டது.

அவளுக்குச் சுருக்கென்றது. குளிரில் கிளம்பாத டீசல் வண்டியைத் தள்ளிவிடப் பார்ப்பவன்தான், ஆள் வருமுன் ஓட்டிச் சூடேற்றி வைப்பான்.

"என்ன தம்பி, இப்பவே இந்தக் கொதி கொதிக்குது?"

"பால் வாங்கக் கடைக்குப் போயிட்டு வந்தேன், ஆன்ட்டி."

"யாருகிட்ட கதை விடுற? ஆறட்டும். அப்புறமா ஸ்டார்ட் பண்ணிக் காட்டு."

"அதுக்கு சாயங்காலம் ஆயிடுமே!"

"ஆகட்டும். எனக்கு வேற சோலி இல்ல."

ராவிரி தேநீர் போட்டுக் கொடுத்தான். பால் தாராளமாகவே இருந்தது. நேற்று வாங்கிய பாலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே குடித்தாள். அவன் வேன் பக்கம் நகரும்போதெல்லாம் கூடவே போய் நின்றாள்.

சாயங்காலம் என்ஜின் ஜில்லென்று ஆகியிருந்தது. ராவிரி சாவியைத் திருப்பினான். முதல் திருப்பிலேயே கிளம்பியது.

"இப்ப திருப்திதானே, ஆன்ட்டி?"

"ம்... பரவாயில்ல," என்றாள் பானியா, குறை சொல்ல ஒன்றும் கிடைக்காத கடுப்பில்.

"அப்ப வாங்க, உங்க வண்டியையும் ஸ்டார்ட் பண்ணிப் பாத்துடலாம்."

பானியாவின் முகம் தொங்கிப்போனது. வழியில் எங்கும் அணைக்காமல் இரண்டு மணி நேரம் ஓட்டி, சூடு குறையாமல் கொண்டுவந்து நிறுத்திய அவளுடைய வேனும் காலையிலிருந்து வாசலில் ஆறிக்கொண்டுதான் இருந்தது.