பழைய காருக்குப் புது ரிமோட்

ஆஸ்பத்திரி வாசலில், உச்சி வெயிலில், என்னைக் கள்ளியாக்கி ஊரைக் கூட்டியது அந்தக் கார்.

ரிமோட்டை எத்தனை தரம் அழுத்தியும் கதவு திறக்கவில்லை. சாவியைப் போட்டுத் திறந்தேன். அலாரம் அலறத் தொடங்கியது. இரத்தச் சுத்திகரிப்பு முடிந்து சக்கர நாற்காலியில் துவண்டுபோயிருந்த அப்பா காதைப் பொத்திக்கொண்டார். காவலாளி ஓடி வந்தான்.

"ஆரின்ரை கார் அக்கா இது?"

"என்ரைதான்!" என்று கத்தினேன். எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணிய பிறகுதான் சத்தம் நின்றது. சனம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. மானம் போய்விட்டது.

காரின் பதிவுப் புத்தகத்தில் இருப்பது என் கூடப்பிறந்த மயூரதன் அண்ணையின் பெயர். கனடாவிலிருந்து காசனுப்பி வாங்கித் தந்தவர். ஆறு வருடமாக, கிழமைக்கு மூன்று நாள், அதில் அப்பாவை ஏற்றி இறக்குபவள் நான். லீவில் வந்து நிற்கும் அண்ணை, முந்தின நாள்தான் தனக்கென்று ஒரு ரிமோட் வாங்கிக் காரில் பதிந்துகொண்டு வந்தார். காலையில் கார் முற்றத்தில் பூட்டாமல் நின்றது; ஆஸ்பத்திரியில் அவசரத்தில் கதவுப் பொத்தானை அமத்திப் பூட்டிவிட்டு இறங்கியிருந்தேன். எனக்குப் பொறி தட்டியது. அப்பாவை ஏற்றிக்கொண்டு நேரே உரும்பிராய்க்கு, அதைப் பதிந்த செந்தூரனின் கடைக்குக் காரை விட்டேன்.

"இந்தப் பழைய மொடலிலை புதுசு பதிஞ்சால் முந்தினது அழிஞ்சிடும் அக்கா. எல்லாத்தையும் ஒண்டாப் பதியவேணும். வேறை ஆரும் ஓடுறவையெண்டால் அவையின்ரை ரிமோட்டையும் கொண்டு வாங்கோ எண்டு அண்ணைக்குச் சொன்னனான்."

"அதுக்கு அவர் என்ன சொன்னவர்?"

செந்தூரன் தலையைச் சொறிந்தான். "வேறை ஒருத்தரும் ஓடுறேல்லையாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறந்துவிட்டார் என்றால்கூடப் பொறுத்திருப்பேன். மழையிலும் பெற்றோல் வரிசையிலும் இந்தக் காருக்குள் கிடந்து அவதிப்பட்டவள் நான். ஒருத்தருமில்லையாம்! அன்று காலையும் நான் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்த மனிதர்.

"இப்பவே என்ரையைப் பதியும் தம்பி."

"அப்ப அண்ணையின்ரை அழிஞ்சிடும் அக்கா. அதையும் எடுத்துக்கொண்டு நாளைக்கு வாங்கோவன்."

வெட்கக்கேடு, அவ்வளவு கோபத்திலும் நான் தயங்கினேன்.

பின் சீற்றில் கண்மூடிக் கிடந்த அப்பா கண்ணாடியில் தட்டினார். மகனின் முகம் கோணக்கூடாதென்று, அண்ணை வந்த நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்த மனிதர்.

"பதி தம்பி. ஓடுறது இவள்தான்."

செந்தூரன் சாவியைப் போட்டுப் போட்டு எடுத்தான். என் ரிமோட் பதிந்ததற்கு அடையாளமாகக் கதவுகள் நாலும் ஒரேயடியாகப் பூட்டித் திறந்தன. என் கோபம் துளியும் ஆறவில்லை. அண்ணையின் ரிமோட் இனி வேலை செய்யாது. ஏன் என்பதை வீட்டுக்குப் போய் நானே அவர் முகத்துக்கு நேரே சொல்லப்போகிறேன்.