காதுக்குள் நான்

நடிகர் வில்ஃப்ரட் கார்ஸைட்டின் இடது காதுக்குள் பட்டாணி அளவுக் கருவி ஒன்றை ஒலிப்பதிவுக்காரர் செருகினார். பல் பிடுங்க வந்தவரைப் போல வில்ஃப் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார். கருவியின் மறுமுனை என்னிடம் இருந்தது. அவர் வசனத்தை மறந்தால் நான் பொத்தானை அழுத்தி, அடுத்த வரியை மெதுவாக ஓத வேண்டும். படப்பிடிப்பில் என் வேலை தொடர்ச்சி பார்ப்பது. எந்தக் கையில் கோப்பை இருந்தது, சட்டையின் மேல் பொத்தான் போட்டிருந்ததா, வசனத்தில் ஏதாவது பிசகியதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வசனப் பிரதி எப்போதும் என் மடியிலேயே கிடப்பதால் இந்தப் பாவமும் என் தலையில் வந்து விழுந்தது.

"வெளியில உன் குரலக் கேக்கறதே எனக்குப் போதும் போதும்னு இருக்கு ஐவி. இப்ப உள்ளாறயும் குடிவந்துட்டியா?" என்றார்.

"எனக்கு மட்டும் ஆசையா? நீங்க வரிய மறக்காம இருங்க, நான் வாயத் தொறக்கல."

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

இந்த மனிதருக்கு ஒரு காலத்தில் நினைவாற்றல்தான் சொத்து. இங்கிலாந்தின் வடக்கே ஃப்ளீட்வுட்டில், மீன்பிடித் துறைமுகத்தில் மீன் அறுத்தவரின் மகன். பதினெட்டு வயதில் ஊர் ஊராக நாடகம் போடும் குழுவில் சேர்ந்தார். வாரத்துக்கு ஒரு புது நாடகம். மாலையில் ஒன்றை நடித்துக்கொண்டே, காலையில் அடுத்ததை மனப்பாடம் செய்ய வேண்டும். அங்கிருந்து சினிமாவுக்கு வந்தார். வேலைநிறுத்தம் செய்யும் சுரங்கத் தொழிலாளியாக அவர் நடித்த முதல் படத்தைப் பார்த்துவிட்டு என் அப்பா மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. பிறகு அமெரிக்காக்காரர்கள் கூப்பிட்டார்கள். அவர்களுக்குக் கெட்டவன் என்றால் எங்கள் ஊர் உச்சரிப்பு வேண்டும். பத்து வருடம் அங்கே போய் விதவிதமாகச் செத்துவிட்டு வந்தார். அதற்கப்புறம்தான் பெரிய படங்கள், பெரிய விருது, அரண்மனையில் சர் பட்டம் எல்லாம். விருது அவர் வீட்டுக் கழிப்பறை ஜன்னலில் பல் துலக்கும் பசைக்குப் பக்கத்தில் நிற்கிறது. படப்பிடிப்பில் யாராவது சர் என்று கூப்பிட்டால் பின்னால் திரும்பி யாரைத் தேடுகிறாய் என்பதுபோலப் பார்ப்பார்.

இந்தப் படத்தை அவர் ஒப்புக்கொண்டதே ஒரே ஒரு பேச்சுக்காக. சமையலறை மேசை முன்னால் ஒரு அப்பா, தன் மனைவியின் இறுதிச் சடங்குக்கு ஏன் தேவாலயத்துக்குள் வரவில்லை என்று மகளிடம் முதல்முறையாகச் சொல்கிறார். நேற்று அந்தப் பேச்சின் நடுவில் வில்ஃப் நின்றுவிட்டார். திரும்பத் திரும்ப அதே இடம். மாலையில் இயக்குநர் ரோரி வந்து, மிகுந்த மரியாதையோடு, காதில் கருவி மாட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பேச்சை நாலு வரியாகச் சுருக்கிவிடுகிறேன் என்று சொன்னான். மரியாதையோடு சொன்னதுதான் வில்ஃபுக்கு அதிகம் வலித்தது.

முதலில் கேமரா அவர் பக்கம். மகளாக நடிக்கும் கெரிஸ் எதிரில் உட்கார்ந்திருந்தாள். வேல்ஸிலிருந்து வந்த பெண், இதுதான் அவளுக்கு முதல் படம். வில்ஃப் தடங்கல் இல்லாமல் பேசிக்கொண்டு வந்தார். "உங்க அம்மாவ அடக்கம் பண்றப்ப நான் வெளியில, கார்லதான் உக்காந்திருந்தேன்" என்றார். நிறுத்தினார். நிறுத்தம் நீண்டது. மறந்துவிட்டார் என்று நினைத்தேன். பொத்தானை அழுத்தி, "எஞ்சின அணைக்கல" என்று ஓதினேன்.

குளவி கொட்டியதுபோல அவர் தலை வெடுக்கென்று ஒருபக்கம் சாய்ந்தது. "கட்" என்றான் ரோரி.

"நான் மறக்கல, ஐவி." கோபத்தைவிட அந்தக் குரலில் இருந்த களைப்புதான் என்னை உறுத்தியது. "அந்த மனுசன் சொல்ல முடியாம நிக்கறான். வித்தியாசம் தெரியலையா உனக்கு?"

தெரியவில்லை. நாடக மேடையில் வசனம் எடுத்துக் கொடுப்பவர்கள் செய்யக்கூடாத முதல் தப்பு இதுதான்: நடிகர் வேண்டுமென்றே விடும் மௌனத்துக்குள் மூக்கை நுழைப்பது. முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்துவிட்டு அதைச் செய்தேன். அவமானமாக இருந்தது. அதைவிட மோசம், அதன் பிறகு அவர் நிஜமாகவே மறக்கத் தொடங்கினார். நான் ஓத ஓத, அவர் சொன்னார். ரோரி "பிரமாதம்" என்றான். படம் பார்க்கிறவர்கள் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் கேட்டதைத் திருப்பிச் சொல்லும் மனிதரைத்தான் நாங்கள் படம் எடுத்திருந்தோம். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அடுத்து கேமராவை கெரிஸ் பக்கம் திருப்பினார்கள். இந்த மாதிரி நேரத்தில் பெரிய நடிகர்கள் தங்கள் வண்டிக்குப் போய்க் காலை நீட்டிவிடுவார்கள். அவர்கள் வரிகளை நான் கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரயில் அறிவிப்புபோலப் படிப்பேன். புதுசாக வந்த பிள்ளைகள் என் மூஞ்சியைப் பார்த்து உணர்ச்சி காட்ட வேண்டும்.

"போய் ஓய்வெடுங்க வில்ஃப். ஐவி படிச்சிருவாங்க" என்றான் ரோரி.

"ஐவி படிச்சா இந்தப் பொண்ணு அழுவா. ஆனா வேற காரணத்துக்கு அழுவா."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் நாற்காலியைக் கேமராவுக்கு அருகில் இழுத்துப் போட்டார். காதிலிருந்து கருவியைப் பிடுங்கி ஒரு சாஸரில் வைத்தார். ஒலிப்பதிவுக்காரர் அவருக்கு மைக் வைக்கவில்லை. அவர் குரல்தான் ஏற்கெனவே பதிவாகிவிட்டதே. எப்போதும் அப்படித்தான் செய்வோம்.

அவர் பேச ஆரம்பித்ததும் நான் பிரதியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். குரல் ஏறவே இல்லை. வீட்டுச் செலவைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசினார். கார்லதான் உக்காந்திருந்தேன், என்றார். நிறுத்தினார்.

என் கட்டைவிரல் தானாகப் பொத்தானுக்குப் போனது. அழுத்திப் பேசியிருந்தால் என் குரல் சாஸரிலிருந்து கிணுகிணுத்திருக்கும். கையை எடுத்து மடியில் வைத்தேன். கெரிஸின் முகத்தில் முதலில் மகள் காத்திருந்தாள். பிறகு, கிழவர் மறந்துவிட்டாரோ என்று அந்தப் பெண்ணே பயந்தாள். பிறகு இரண்டும் ஒன்றாகி, அவளையும் அறியாமல் அவள் கை மேசையின் மேல் ஊர்ந்து வந்தது.

"எஞ்சின அணைக்கல" என்றார் வில்ஃப்.

"தெரியும்ப்பா. உள்ள சத்தம் கேட்டுச்சு" என்றாள் கெரிஸ். அது பிரதியில் உள்ள வரிதான். அப்போதுதான் அதை முதல்முறை கேட்பதுபோல இருந்தது எனக்கு.

ரோரி "கட்" சொல்லவே மறந்தான். சொன்னதும் ஒலிப்பதிவுக்காரரைப் பார்த்தான். அவர் உதட்டைப் பிதுக்கினார்; வில்ஃபின் குரல் பதிவாகவில்லை.

"திருப்பு" என்றார் வில்ஃப்.

"நேரமாச்சு வில்ஃப், எடுத்ததே நல்லா..."

"கேமராவத் திருப்புடா, தம்பி."

"சரி. அப்ப அந்தக் கருவிய மட்டும் ஒரு பாதுகாப்புக்கு..."

வில்ஃப் சாஸரிலிருந்து கருவியை எடுத்தார். ஒருகணம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, எதிரில் ஆறிக்கிடந்த தேநீர்க் கோப்பைக்குள் போட்டார். "இனிமே ஐவி டீக்குப் பாடம் சொல்லிக் குடுக்கட்டும்."

"அது சீன்ல வர்ற கோப்பை!" என்று கத்தினேன். என் தொழில் புத்தி அப்படி.

"அதனால என்ன, நான் குடிக்கப் போறதில்ல."

விளக்குகளை மறுபடி இடம் மாற்றும்வரை அவர் நாற்காலியைவிட்டு எழவில்லை. கண்ணை மூடியிருந்தார், உதடு மட்டும் அசைந்தது. வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியும் கெரிஸ் போகவில்லை. கேமராவுக்கு ஒட்டி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். எனக்கு வேறு வேலை இருந்தது. பொத்தானை ஒலிப்பதிவுக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

"ஆக்‌ஷன்" என்றான் ரோரி.

"உங்க அம்மாவ அடக்கம் பண்றப்ப நான் வெளியில, கார்லதான் உக்காந்திருந்தேன்."

நிறுத்தினார். ரோரி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. வில்ஃபின் கட்டைவிரல் கோப்பையின் விளிம்பை மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தது. முந்தைய டேக்குகளில் இல்லாத அசைவு, நான் குறித்துக்கொண்டிருக்க வேண்டும். என் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி, அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தேன்.