பிடில் மட்டும் கேட்கும் பொத்தான்

டெல்பர்ட் ஓக்ஸ் யாருக்காவது நாற்காலி இழுத்துப் போட்டதாகச் சரித்திரம் கிடையாது. நாற்பது ஆண்டுகள் அவரோடு ஒரே பேருந்தில் ஊர் சுற்றிய வெர்லனுக்கு அது நன்றாகத் தெரியும். இன்று தனக்கு இழுத்துப் போட்டதுமே, ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று புரிந்துகொண்டார்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் அந்தச் சிற்றூரில், அவர்களுடைய பக்ஹார்ன் பாய்ஸ் இசைக்குழுவுக்கு அருங்காட்சியகம் திறக்கிறார்கள். வாசலில் பாடகர் டெல்பர்ட்டின் வெண்கலச் சிலை, ஆளைவிட ஒரு சாண் உயரமாக. உள்ளே கண்ணாடிப் பெட்டியில் வெர்லனின் பிடில். 'எங்கள் புகழ்பெற்ற "வெள்ளிக்கிழமை லாரி" பாடலில் நீங்கள் கேட்பது இந்தப் பிடிலைத்தான்' என்று தகடு அடிக்க வேண்டும். அந்த வாசகம் எழுதிய தாளில் வெர்லன் கையெழுத்து வேண்டும்.

"போட்டுத் தொலைடா. விருந்துப் பன்றிக்கறி ஆறுது," என்றார் டெல்பர்ட்.

"இந்தப் பொத்தானெல்லாம் எதுக்கும்மா?" என்று பெட்டிக்குக் கீழே வரிசையாக இருந்தவற்றைக் காட்டி, காப்பாளர் லொரீனிடம் கேட்டார் வெர்லன்.

"பழைய ஒலிநாடா கிடைச்சுது சார். ஒவ்வொரு வாத்தியத்தையும் தனியா கேக்கலாம்."

"அது டூரிஸ்டுங்களுக்கு," என்றார் டெல்பர்ட், பொத்தான்களை மறைத்து நின்றபடி.

வெர்லன் அவரை ஒதுக்கிவிட்டு, 'பிடில்' என்றிருந்ததை அழுத்தினார். பிடில் வெண்ணெயாக இழைந்தது. வாசிக்கும்போது குதிகாலால் தரையை இடிப்பது வெர்லனின் வியாதி. காலடியில் தலையணை போட்டும் எந்த ஒலிப்பதிவுக்காரராலும் அதை அடக்க முடிந்ததில்லை. இதில் ஒரு தட்டல்கூட இல்லை.

இசைத்தட்டுகள் பதிவாகும் நாஷ்வில் நகரில் இது ஊரறிந்த வழக்கம்தான்: மேடையில் குழு, இசைத்தட்டில் ஸ்டுடியோவின் கூலி வித்வான்கள். மற்ற குழுக்களில்தான் அப்படி என்று வெர்லன் சொல்லித் திரிந்தார். 'நாங்கள் நால்வரும் ஒரே மூச்சு' என்று டெல்பர்ட் பேட்டி கொடுத்துத் திரிந்தார்.

"யாருடா இது?"

"நாம பதிவு பண்ண மறுநாள் காலையில ஒருத்தன் வந்து வாசிச்சான். நீ சங்கடப்படுவேன்னு சொல்லல."

"அதான் தட்டைக் கையில குடுத்து, 'நீ வாசிச்சது மறந்திருக்கும், கேட்டுப் படி'ன்னியா?"

வெர்லன் கிடார் பொத்தானை அழுத்தினார். மேடையில் கிடாரும் வாசிக்கும் டெல்பர்ட்டின் விரல் அடிக்கடி தடுமாறும்; இதில் ஓரிடத்திலும் தடுமாறவில்லை.

"இதுவும் நீ இல்ல."

"எல்லாருக்கும் அதான் நடந்துது."

"நம்ம பேஸ் கிடார்காரன்?"

"அவன் செத்துட்டான். விடு, நிம்மதியா இருக்கட்டும்."

வெர்லன் பேனாவை வாங்கி, தகட்டு வாசகத்தை அடித்துவிட்டு எழுதினார்: 'இந்தப் பிடில் இசைத்தட்டில் இல்லை. தட்டைக் கேட்டுப் படித்து, மேடைகளில் வாசித்தது.' கீழே கையெழுத்திட்டார். பிறகு அவர் விரல் கடைசிப் பொத்தானுக்குப் போனது. அதில் 'குரல்' என்றிருந்தது.

டெல்பர்ட் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"லொரீன், இந்தப் பொத்தானும் வேலை செய்யுதாம்மா?" என்றார் வெர்லன்.