பெயரும் இரண்டாவது சாவியும்

பையனுக்கு வேறு பெயர் வைத்துவிடலாம் என்று ஃபிட்டர் சொன்னபோது அவன் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. பிறந்ததிலிருந்து வாய் நிறையக் கூப்பிட்ட பெயரை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாற்ற வேண்டுமென்றால், ஒன்று இவருக்குச் சாப்பாடு சேரவில்லை, இல்லையென்றால் யாரோ காதில் எதையோ ஓதியிருக்கிறார்கள் என்று நினைத்தாள். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள் அவள். காரணம் கேட்காமல் எதையும் திருப்பி வாங்கிக்கொள்ள மாட்டாள்.

“பேரு என்ன, பிடிக்கலன்னா பில்லோட வந்து திருப்பிக் குடுக்கிற மாத்திரையா?” என்றாள்.

ஃபிட்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான். மறுநாள் காலையில் பிறப்புப் பதிவு ஆபீசுக்குப் போய்ப் பையனின் பெயரைப் பதிய வேண்டும். இத்தனை நாள் சோம்பலில் தள்ளிப் போட்டது. இருவரும் லீவு சொல்லியாகிவிட்டது. சாட்சிக் கையெழுத்துப் போட, கூட வேலை பார்க்கிற நெட்டையன் வருவதாக ஏற்பாடு. ஒரு தடவை பதிந்துவிட்டால் அப்புறம் மாற்றுவது நாய் வாலை நிமிர்த்துகிற வேலை. சொல்வதென்றால் இன்றைக்கே சொல்லியாக வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், பையனுக்கு வைத்திருந்தது நெட்டையனின் பெயர். கம்பெனியில் யாரும் அந்த ஆளை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆறடிக்கு மேல் வளர்ந்துவிட்டவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் எங்கே நிற்கும்? ஆனால் ஃபிட்டருக்குத் தெரியும். உயிரைக் காப்பாற்றியவனின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பேன் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதே சொன்னவன் அவன். அப்போது அவன் மனைவிக்கு நிறைமாதம்.

ஃபிட்டருக்கும் நெட்டையனுக்கும் ரொட்டிக் கம்பெனியில் வேலை. நெட்டையன் மாவு பிசைகிற மிஷினை ஓட்டுகிறவன். இவன் அதைப் பழுது பார்க்கிறவன். அந்த மிஷினின் தொட்டிக்குள் ஓர் ஆள் தாராளமாக உட்காரலாம். நடுவில் இரும்புக் கை ஒன்று சுற்றும். உள்ளே இறங்குகிறவன் முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் சொந்தப் பூட்டை மாட்டி, சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொள்ள வேண்டும். ஓர் ஆள், ஒரு பூட்டு, ஒரு சாவி. அதுதான் சட்டம்.

அன்றைக்கு ஃபிட்டர் தொட்டிக்குள் குனிந்திருந்தபோது மிஷின் ஓடியது. நெட்டையன் பாய்ந்து நிறுத்தி இவனை வெளியே இழுத்துப் போட்டான். இடது கையில் இரண்டு விரல் போனது, உயிர் தங்கியது. சுவிட்சில் பூட்டு இல்லை. ஃபிட்டர் பூட்ட மறந்துவிட்டான் என்று கம்பெனி எழுதி முடித்தது. மருந்து மயக்கத்தில் கிடந்தவனுக்கும் பூட்டினோமா இல்லையா என்று நினைவில்லை. மறந்துதான் போயிருப்பேன் என்று ஒப்புக்கொண்டான். நெட்டையனுக்கு எல்லோரும் கூடிக் கை தட்டினார்கள்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் ஒரு கேள்வி குடியேறியது. வெளியே கிளம்பினால், “பூட்டினீங்களா?” என்று கேட்காமல் அவள் படி இறங்கியதில்லை. அடுப்பை அணைத்தீர்களா, குழாயை மூடினீர்களா என்று எல்லாவற்றுக்கும் அதே தொனி. குத்திக்காட்ட வேண்டும் என்று கேட்கவில்லை. பயத்தில் கேட்டாள். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அவனுக்கு முகம் சுருங்கிப் போகும்.

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த பை கையில் கிடைத்தது. அன்றைக்குப் போட்டிருந்த உடுப்பு அதற்குள் சுருண்டு கிடந்தது. மனைவி பார்த்தால் அழுவாள் என்று அவனே எடுத்துப் போய் எறியப் பார்த்தான். எறிவதற்கு முன் பழக்கத்தில் பாக்கெட்டைத் தடவினான். சாவி இருந்தது.

அந்த வகைப் பூட்டுக்கு ஒரு குணம் உண்டு. திறந்து கிடக்கிறவரை சாவியை விடாது. அழுத்திப் பூட்டினால்தான் சாவி வெளியே வரும். அப்படியென்றால் அவன் பூட்டியிருக்கிறான். மறக்கவில்லை. பூட்டியதை வேறு யாரோ திறந்திருக்கிறார்கள்.

அந்த வேறு யாரோ யார் என்று யோசிக்க அவனுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பூட்டு வாங்கும்போது கூட வரும் இரண்டாவது சாவியைக் கம்பெனி ஆபீசில் ஒப்படைக்க வேண்டும். இவன் அதை நெட்டையனிடம் கொடுத்து வைத்திருந்தான். முன்னொரு நாள் பூட்டைக் கழற்றாமல் சாவியோடு வீட்டுக்கு வந்துவிட, பிசையக் காத்திருந்த மாவெல்லாம் பொங்கி வழிந்து வீணாகி, சூப்பர்வைசரிடம் இருவரும் சேர்ந்து திட்டு வாங்கினார்கள். இனி நான் மறந்தால் நீ கழற்றிக்கொள் என்று அன்றைக்குச் செய்துகொண்ட ஏற்பாடு அது. வெளியே ஒருவருக்கும் தெரியாது. வீட்டிலும் சொல்லவில்லை.

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டியிருக்கிறான் பாவி என்று அவன் மனம் கொதித்தது. திறந்தவனும் அவன், இழுத்தவனும் அவன். பழி மட்டும் இவன் தலையில். போதாததற்கு அந்தப் பெயரைத் தன் பிள்ளைக்கே வைத்து, நாளெல்லாம் இவன் தன் வாயாலேயே கூப்பிட்டிருக்கிறான். இந்த ஒரு வாரமாக இவன் பையனைக் கூப்பிடவே இல்லை. பெயர் நாக்கு நுனி வரை வரும். இல்லாத இரண்டு விரல்களும் சுரீரென்று வலிக்கும்.

“காரணத்தைச் சொல்லுங்க, மாத்தலாம். காரணம் இல்லாம மாத்தினா அந்த அண்ணன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?” என்றாள் மனைவி.

சொல்ல வாயெடுத்தான். காலிங் பெல் அடித்தது.

நெட்டையன் வழக்கம்போல நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தான். தோளில் சாப்பாட்டுப் பை. ஞாயிற்றுக்கிழமைகூட இந்தப் பையை ஏன் சுமந்துகொண்டு வருகிறான் என்று ஃபிட்டரின் மனைவி பலமுறை கேலி செய்திருக்கிறாள். பாயில் தவழ்ந்துகொண்டிருந்த பையன் அவனைக் கண்டதும் கையை நீட்டித் துள்ளினான். நெட்டையன் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, “என்னடா பொடிப்பயலே” என்றான்.

ஃபிட்டருக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த ஆள் ஒரு நாளும் பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பொடிப்பயல், வாண்டு, சின்ன முதலாளி என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொல்வான், பெயரைத் தவிர. தன் பெயரைத் தானே சொல்லக் கூச்சப்படுகிறான் என்று வீட்டில் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது யாருக்குத் தெரியும்?

நாளைக்கு எந்தச் சட்டை போட்டுக்கொண்டு வரட்டும் என்று நெட்டையன் கேட்டுக்கொண்டிருந்தான். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்குமே, ஒத்துக்கொள்வார்களா என்றான். மனைவி சிரித்துக்கொண்டே டீ போடத் திரும்பினாள். பையன் அவன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

ஃபிட்டர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் நெட்டையன் பேச்சை நிறுத்தினான். சாவியைப் பார்த்தான். ஃபிட்டரைப் பார்த்தான். முகத்திலிருந்த சிரிப்பு இறங்கிப் போக வழி தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

“எங்க இருந்துச்சு?”

“பேன்ட் பாக்கெட்ல.”

இல்லை என்று சொல்வான், சத்தம் போடுவான், இவன் பதிலுக்குக் கையை ஓங்கலாம் என்றுதான் ஃபிட்டர் ஒரு வாரமாகத் தனக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தான். நெட்டையன் ஒன்றுமே மறுக்கவில்லை. பையனைத் தோளிலிருந்து இறக்காமலே, ஒரு கையால் சாப்பாட்டுப் பையைத் துழாவி, எண்ணெய்க் கறை பிடித்த ஒரு துணிமுடிச்சை எடுத்து மேஜைமேல் வைத்துப் பிரித்தான். உள்ளே ஃபிட்டரின் பூட்டு. வாய் திறந்து கிடந்தது. அதன் அடியில் இரண்டாவது சாவி செருகியபடியே இருந்தது.

“தூக்கிப் போட மனசு வரல. வச்சிருக்கவும் முடியல. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இதைக் குடுத்துட்டுச் சொல்லிடணும்னுதான் வருவேன். இவன் கையை நீட்டுவான், அப்படியே திரும்பிப் போயிடுவேன்.”

பிறகு மெதுவாக எல்லாவற்றையும் சொன்னான். ஃபிட்டர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனதைப் பார்த்து, வேலை முடிந்தது, பூட்டை மறந்துவிட்டான் என்று நினைத்துத் திறந்திருக்கிறான். ஃபிட்டர் போனது ஸ்பானர் எடுக்க. மறு பக்கமாக வந்து உள்ளே இறங்கியதை அவன் பார்க்கவில்லை. தொட்டிக்குள் எட்டிப் பார்க்கவும் இல்லை. பட்டனை அழுத்திவிட்டான். ஆஸ்பத்திரியில் எல்லோரும் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது சொல்ல வேண்டியது தொண்டையிலேயே நின்றுவிட்டது. நாளாக ஆக அதை எடுக்கவே முடியவில்லை.

“பேரை மாத்திடுடா. நானே கேக்கணும்னு இருந்தேன். இவனை நீங்க கூப்பிடும்போதெல்லாம் எனக்கு அன்னிக்கு நீ கத்தினதுதான் கேக்குது” என்றான்.

அடுப்பில் டீ பொங்கி வழிந்தது. யாரும் அணைக்கப் போகவில்லை. மனைவி வந்து மேஜையருகில் நின்றாள். பூட்டையும் இரண்டு சாவிகளையும் பார்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்கு விளங்கியது. அவள் திரும்பியது நெட்டையனிடம் இல்லை, புருஷனிடம்.

“அப்போ நீங்க பூட்டித்தான் இருந்தீங்க” என்றாள். “தினம் தினம் கேட்டேனே. ஒரு நாளாவது ‘போடி’ன்னு சொல்லியிருக்கலாமே.”

அதைக் கேட்டதும் ஃபிட்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த பாரம் எது என்று அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது.

அதற்கப்புறம்தான் அவள் நெட்டையன் பக்கம் போனாள். பையனை அவன் தோளிலிருந்து பிரித்து எடுத்தாள். பையன் அவன் சட்டையை விடாமல் பிடித்துக்கொண்டான். விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள்.

“உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டேன்” என்றாள். வாய்க்கு வாய் சொல்கிற அண்ணன் என்ற வார்த்தை அதில் இல்லை. பிறகு புருஷனிடம், “நாளைக்கு வேற பேரு குடுத்துடுங்க” என்றாள்.

நெட்டையன் தலையாட்டினான். விடிந்ததும் மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், வேலை போனால் போகட்டும் என்றான். பையை எடுத்துக்கொள்ளவும் மறந்து, நிலையில் குனிந்து வெளியே போனான். படியில் இறங்குகிற சத்தம் கேட்டது.

கேட்டது கிடைத்துவிட்டது ஃபிட்டருக்கு. பெயரை மாற்றலாம். தடுக்க ஆளில்லை. ஆனால் நிம்மதி என்று ஒன்று வரக் காணோம். மேஜையில் கிடந்த பூட்டைப் பார்த்தான். அதில் செருகியிருந்த சாவியைத் திருப்பியவன் நெட்டையன். சரி, அதைச் சட்டத்தை மீறி அவன் கையில் கொடுத்தவன் யார்? ஸ்பானரோடு திரும்பி வந்தபோது சுவிட்சை ஒரு பார்வை பார்க்காமல் உள்ளே இறங்கியவன் யார்? இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. சிவப்புப் பட்டனை அமுக்கினாலும் அந்த இரும்புக் கை உடனே நிற்காது. கொஞ்சம் சுற்றித்தான் ஓயும். நெட்டையன் அது ஓயக் காத்திருக்கவில்லை. சுற்றுகிறபோதே தன் கையை உள்ளே விட்டான். முழங்கைக்குக் கீழே அவனுக்கு இன்றைக்கும் நீளமாக ஒரு தழும்பு இருக்கிறது. அதை மறைக்கத்தான் அவன் முழுக்கைச் சட்டை போடுகிறான். திறந்ததையும் சொல்லவில்லை, இதையும் ஒரு நாள்கூட அவன் சொல்லிக் காட்டியதில்லை.

ஃபிட்டர் வாசலுக்கு ஓடினான். நெட்டையன் கடைசிப் படிக்குப் போய்விட்டான். கூப்பிட்டாக வேண்டும். கம்பெனியில் கூப்பிடுகிற நெட்டையன் என்ற பெயர் வாயில் வரவில்லை. ஒரு வாரமாக நாக்கு நுனியிலேயே நின்ற அந்தப் பெயர்தான் வந்தது. ஆத்திரமும் அழுகையுமாகப் பலமாகவே வந்தது.

படியில் நின்றவன் திரும்பினான். அவனுக்கு முன்னாலேயே, அம்மாவின் இடுப்பில் இருந்தவன் திரும்பிவிட்டான். ஒரு வாரமாகக் கூப்பிடாத அப்பா கூப்பிட்ட சந்தோஷத்தில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு சிரித்தான்.

ஃபிட்டர் பையனை வாங்கிக்கொண்டான். வாங்கிக்கொண்டே கீழே பார்த்துச் சொன்னான். “தனியாப் போகாத. நீ திறந்ததை நீ சொல்லு. நான் சாவி குடுத்ததை நான் சொல்றேன். ரெண்டு பேரும் சேர்ந்து திட்டு வாங்குவோம். அப்புறம் பதிவு ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போடு.”

நெட்டையன் நம்ப முடியாமல் அவனுக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்தான். ஃபிட்டரும் திரும்பிப் பார்த்தான். அவள் புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். சிரிக்கிற பையனைப் பார்த்தாள். படியில் நிற்கிற ஆளையும் பார்த்தாள்.

“பேரு உள்ள இருக்கட்டும். ஆளு கொஞ்ச நாள் வெளியவே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, அடுப்பை அணைக்கப் போனாள்.